மிலிட்டரிக்காரர் தோட்டத்தில் விட்ட சேவல்

சேவலின் தலையில் மஞ்சள் தண்ணீரை ஊற்றிவிட்டு எல்லோரும் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். மேல்மலையனூரில், கோயிலுக்கு வெளியே, பொங்கல் பானைகளின் புகைக்கு நடுவில். எங்கள் பக்கத்தில் சாமிக்கு நேர்ந்துவிட்ட கோழி, தண்ணீர் பட்டதும் உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் ஆத்தா உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று அர்த்தம். அப்புறம்தான் கத்தியை எடுப்பார்கள். அன்றைக்கு அந்தச் சேவல் சிலுப்பவில்லை. ஈரத்தில் ஒடுங்கி, கண்ணை மூடி மூடித் திறந்துகொண்டு நின்றது. ஏன் சிலுப்பவில்லை என்று எனக்கும் அத்தைக்கும் தெரியும். தெரியும் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அத்தை அப்பாவின் அக்கா. புருஷன் சரியில்லாமல் விழுப்புரத்தில் எங்கள் வீட்டோடு வந்துவிட்டவள். வாய் கொஞ்சம் நீளம். அப்பாவைத் திட்டும் உரிமையை அம்மாவுக்குக்கூட விட்டுக்கொடுக்க மாட்டாள். ரயில்வேயில் வேலை பார்த்த மனுஷன், அவள் குரல் கேட்டால் பீடியைப் பின்னால் மறைப்பார். அந்த அப்பாவுக்கு ஒரு வருஷம் மஞ்சள் காமாலை முற்றி, பிழைப்பாரா என்று ஆகிவிட்டது. "என் தம்பி எழுந்து நடக்கட்டும் தாயே, உனக்கு ஒரு சேவல் உடுறேன்" என்று அத்தை மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு நேர்ந்துகொண்டு, அன்றைக்கே ஒரு குஞ்சை வாங்கி வந்தாள். அப்பா எழுந்து நடந்தார். குஞ்சும் நெருப்பு நிறத்தில் சேவலாக வளர்ந்தது. சாமி கோழி என்பதால் அதை யாரும் அதட்டக்கூடாது. என் தட்டிலிருந்தே அது சோறு தின்றது. நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தெருமுனை வரை ஓடி வந்தது. அது எதற்காக வளர்கிறது என்று எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் ஒன்பது வயதில், தெரிவது வேறு, அந்த நாள் வருவது வேறு.

ஞாயிற்றுக்கிழமையும் அமாவாசையும் சேர்ந்து வந்த ஒரு நாளை அப்பா குறித்தார். அந்த நாட்களில் திண்டிவனத்துக்கு வெளியே, செஞ்சி போகும் சாலையில், பட்டாளத்திலிருந்து திரும்பிய ஒருவர் தன் தோட்டத்தைப் பார்வைக்குத் திறந்துவிட்டிருந்தார். மிலிட்டரிக்காரர் தோட்டம் என்றால் எல்லோருக்கும் தெரியும். விழுப்புரத்திலிருந்தும் பாண்டிச்சேரியிலிருந்தும் குடும்பம் குடும்பமாகச் சாப்பாட்டு மூட்டையோடு போவார்கள். நானும் தம்பியும் வெகுநாளாக நச்சரித்துக்கொண்டிருந்தோம். "காலையில தோட்டம், மதியானம் கோயிலு. ஒரே வண்டில முடிச்சிடலாம்" என்றார் அப்பா. "வேண்டுதலுக்குப் போற வழியில கூத்தா?" என்று அத்தை முணுமுணுத்தாள். வாடகை வேனில் சேவலும் கூடைக்குள் உட்கார்ந்து எங்களோடு வந்தது. ஒரு வாரமாக அது லேசாக நொண்டிக்கொண்டிருந்தது. சுளுக்கு என்று சொல்லி அப்பாதான் மஞ்சள் பற்றுப் போட்டார். புறப்படும்போது நேர்த்திக்கான மஞ்சள் துணியையும் அவரே அந்தக் காலில் சுற்றினார்.

தோட்டத்தில் பார்த்ததெல்லாம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. வாசலில் சீட்டு கிழித்த கிழவர், கம்பி வலைக்குள் மூக்கை ஆட்டிக்கொண்டே இருந்த வெள்ளை முயல்கள், தம்பியைத் துரத்திய வான்கோழி, தலைக்கு மேல் காய்த்துத் தொங்கிய திராட்சைப் பந்தல். மல்லாட்டைச் செடியை நாமே பிடுங்கிக் கொடுத்தால் கடலையை அங்கேயே அவித்துத் தருவார்கள். பம்புசெட் தொட்டியில் அப்பா சட்டையைக் கழற்றிவிட்டுக் குதித்தார். காமாலையில் துரும்பாகிப்போயிருந்த உடம்பு அது. அத்தை கரையில் நின்று "போதும் ஏறுடா, சளி புடிக்கும்" என்று கத்தினாள். கத்திக்கொண்டே சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்ததை நான் அதற்கப்புறம் பார்க்கவில்லை.

தோட்டத்தின் கோடியில் கோழிக் கொட்டகை இருந்தது. எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது நான் கூடையைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விட்டேன். திறந்துவிட்டதும் எங்கள் சேவல் தோட்டத்துக் கோழிகளோடு குப்பையைக் கிளறத் தொடங்கியது. புறப்படும் நேரத்தில் அத்தை தேடிக்கொண்டு வந்தாள். "எழுந்துரு, ஜல்தி! வண்டிக்காரன் ஹாரன் அடிச்சிக்கினு கீறான்." நான் எழுந்திருக்கவில்லை. "அத்தை, இப்ப வண்டில ஏத்தினா சாவப்போறோம்னு அதுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு அழுதேன். அடம் பிடிக்கிற அழுகை இல்லை, சத்தமே வரவில்லை. அத்தை அடிக்கத்தான் கையை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே இறங்கியது. பிள்ளையில்லாத அவளுக்கு என் அழுகை எப்போதும் அப்படித்தான்.

கோழிகளைப் பார்த்துக்கொள்ளும் தோட்டத்து அம்மாளிடம் போய், அதே நிறத்தில் ஒரு சேவலைக் காட்டி, மாற்றித் தரும்படி கேட்டாள். "இன்னாம்மா, சாமி கோழியப் போயி மாத்துறீங்களே?" என்று அந்த அம்மாள் பயந்தாள். "நீ குடு. சாமிகிட்ட நான் பேசிக்கிறேன்." அந்த அம்மாள் மஞ்சள் துணியை எங்கள் சேவலின் காலிலிருந்து அவிழ்த்து மற்றதன் காலில் கட்டும்வரை, யாராவது வந்துவிடப் போகிறார்களே என்று அத்தையின் கண் வழியிலேயே இருந்தது. "வாயத் தொறந்த, அறுத்துடுவேன்" என்றாள் என்னிடம். நான் தலையை ஆட்டினேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

அந்தச் சந்தோஷம் மேல்மலையனூர் வரைதான். சேவல் சிலுப்பவில்லை. மறுபடியும் தண்ணீர் ஊற்றினார்கள். "மனசுல எதனா கொறை இருந்தா ஆத்தாகிட்ட சொல்லிடும்மா" என்றார் பூசாரி. அத்தை மண்ணில் விழுந்து, "எது செஞ்சாலும் என்னைச் செய்யி தாயே, என் தம்பிய உட்டுடு" என்றாள். அது எனக்கு மட்டும் கேட்டது. வெகுநேரம் கழித்து ஒரு காற்று அடித்தபோது சேவல் சிலுப்பியது. ஆத்தாவா, குளிரா, தெரியவில்லை. எல்லோரும் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டோம். அத்தை இலையில் உட்காரவே இல்லை. அதோடு கோழிக்கறியை விட்டுவிட்டாள்.

பிறகு அப்பாவுக்கு ஒரு தும்மல் வந்தாலும் அத்தை என்னைத்தான் பார்ப்பாள். கோபமான பார்வை இல்லை. கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அமாவாசை தவறாமல் பஸ் பிடித்து மேல்மலையனூர் போய்வருவாள். அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நம்ம ரெண்டு பேரும் செஞ்ச வேலடி இது" என்றாள். அப்போது நான் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். கொழுப்பு, அடைப்பு என்று டாக்டர் சொன்னதையெல்லாம் அவளுக்கு விளக்கினேன். விளக்கினாலும் எனக்கே அது போதவில்லை. அவளை அந்தக் கொட்டகைக்குள் இழுத்துவிட்டது என் அழுகைதானே? அப்பா அதிலும் பிழைத்து வந்தார். அத்தை மட்டும் இளைத்துக்கொண்டே போனாள்.

போன தை மாதம் அத்தை செத்துப்போனாள். பந்தலில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, இனி யாரைக் காப்பாற்ற மறைப்பது என்று, தோட்டத்தில் நடந்ததைச் சொன்னேன். அப்பா ஆச்சரியப்படவே இல்லை.

"கோழி மாறினது எனக்கு அன்னிக்கே தெரியும்மா. நம்ம கோழிக்கு ஒரு நகம் கெடையாது, கோயில்ல அறுத்ததுக்கு எல்லா நகமும் இருந்துச்சி. கதவு இடுக்குல வெச்சி தெரியாம நான்தான் ஒடிச்சிட்டேன். அக்கா திட்டும்னு துணியச் சுத்தி மறைச்சேன். ஊனம் பட்டது சாமிக்கு ஆவாது இல்ல? அக்கா எப்படியோ பாத்துட்டு, மொறையா நல்ல கோழியா மாத்திடுச்சின்னு நெனச்சேன். கேட்டா நம்ம குட்டு வெளிய வந்துடும்னு கம்முனு இருந்துட்டேன்."

சொல்லிவிட்டு அவர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். சரியான கோழியைத்தான் அவள் கொடுத்திருக்கிறாள். மாற்றாமல் போயிருந்தால்தான் குற்றம். இதைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். மூன்று பேரும் ஒரே வீட்டில் ஒரே சோற்றைத் தின்றுகொண்டு அதைச் சொல்லாமலே இருந்திருக்கிறோம்.

உள்ளே அத்தையைக் குளிப்பாட்டக் கூப்பிட்டார்கள். பெண்கள் புடவையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் குனிந்து அவள் காதில், "நீ செஞ்சது சரிதான் அத்தை" என்று நடந்ததைச் சொன்னேன். பிறகு செம்பில் மஞ்சள் தண்ணீரை மொண்டு அவள் தலையில் ஊற்றினேன். ஊற்றிவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். "இன்னாத்துக்குப் பாத்துக்கினு நிக்கிற? ஊத்து" என்றார்கள் பின்னாலிருந்து. நான் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தேன்.