சிரித்தால் விழுகிறவள்

பிசிறு வெட்டும் மேசையில் எட்டுப் பெண்கள். தைத்து வந்த சட்டைகளை விரித்து, நீட்டிக்கொண்டிருக்கும் நூல்களைச் சின்னக் கத்தரியால் வெட்டித் தள்ளுவது அவர்கள் வேலை. கை பாட்டுக்கு வெட்டும், வாய் பாட்டுக்குப் பேசும். ஏழு பேர்தான் பேசுவார்கள். எட்டாமவளுக்கு அவர்கள் வைத்த பெயர் உம்மணாமூஞ்சி.

“மேனேஜர் வழுக்கி விழுந்தப்பகூட இவ சிரிக்கலடி” என்றாள் பக்கத்து மேசையில் காஜா எடுப்பவள். “கல்லுல செஞ்சு அனுப்பிட்டாங்க.”

“கல்லா இருந்தாலாவது, காத்துல துணி பறக்காம மேல வைக்கலாம்.”

ஏழு பேரும் சிரித்தார்கள். அவள் குனிந்தபடியே கைமடிப்புக்குள் விரலை விட்டாள். அங்கே எப்போதும் ஓர் ஊக்கு திறந்தே குத்தியிருக்கும். விரல் நுனியை அதில் அழுத்தினாள். வலி வந்தது, சிரிப்பு இறங்கிப் போனது.

அவளுக்குச் சிரிப்பு வராமல் இல்லை. மேசையிலேயே அவளுக்குத்தான் அதிகம் வரும். ஆனால் வந்தால் முழங்கால் விட்டுவிடும், கழுத்து தொங்கிவிடும், நூல் அறுந்த பொம்மை மாதிரி விழுவாள். நினைவு தப்பாது. சுற்றி நிற்பவர்கள் பேசுவதெல்லாம் கேட்கும், பதில்தான் சொல்ல முடியாது. ஒரு நிமிடத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும். பதினாறு வயதில் தெருவில் ஒரு கழுதை குடையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியதைப் பார்த்துச் சிரித்து, வாசற்படியில் விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டாள். அன்றோடு வாயை மூடியவள்தான்.

போன வருஷம் யூனிட்டில் சட்டைக் குவியல்மேல் தலை வைத்துத் தூங்கிப்போய், யார் உலுக்கியும் எழாததால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கேதான் தூக்க டாக்டரம்மா விளக்கினார். பகலில் கேட்காமல் வருகிற தூக்கமும், சிரித்தால் உடம்பு விட்டுப்போவதும் ஒரே வியாதியாம். கனவு காணும்போது நம் எல்லோருக்கும் உடம்பு தளர்ந்து கிடக்கும். இவளுக்கு அந்தத் தளர்ச்சி, சிரிப்பைப் பிடித்துக்கொண்டு விழித்திருக்கும்போதே வந்துவிடுகிறது.

இதைத் தங்கையிடம் சொன்னாள். அவள் இருப்பது தங்கை வீட்டுப் பின்னறையில்.

“சிரிச்சா யாராவது விழுவாங்களாக்கா? வேற ஏதாவது சொல்லு.”

தங்கையைக் குற்றம் சொல்ல முடியாது. அவள் விழுந்ததைத் தங்கை ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்க விடாமல் அவ்வளவு கெட்டிக்காரத்தனமாக மறைத்திருந்தாள். தங்கை பார்த்தது வேறு. பிறந்து ஒரு மாதமான குழந்தையை ஆசையாக அக்கா கையில் கொடுத்தாள். குழந்தை தும்மியது, தன் தும்மலுக்குத் தானே திடுக்கிட்டு, யார் செய்த வேலை என்பதுபோல் விழித்தது. பெரியம்மாவுக்குச் சிரிப்பு முட்டி மணிக்கட்டு துவளத் தொடங்கியது. கை சுட்ட பாத்திரத்தைப் போடுவதுபோல் குழந்தையைக் கட்டிலில் வைத்துவிட்டு அறைக்கு ஓடினாள்.

“உனக்குப் புள்ள இல்லன்னா என் புள்ளமேல என்னக்கா எரிச்சல்?” என்றாள் தங்கை. அதன்பிறகு யாரும் குழந்தையை அவளிடம் நீட்டவில்லை. எட்டு மாதமாகக் கதவிடுக்கு வழியாகத்தான் அதன் சிரிப்பைக் கேட்டாள்.

அதனால்தான் டாக்டரம்மா, “இந்த வியாதிக்காரங்க சிரிக்கும்போது மூளைக்குள்ள என்ன நடக்குதுன்னு ஸ்கேன்ல படம் எடுக்கிறோம், வர்றீங்களா?” என்று கேட்டதும் சரி என்றாள். படம் கிடைக்கும். தங்கை முன்னால் வைத்து, பார், இது எரிச்சல் இல்லை என்று சொல்லலாம்.

ஸ்கேன் அறை வாசலில் நர்ஸ் உலோகம் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். வளையல், தோடு, தலை கிளிப். கடைசியில் கைமடிப்பைத் தடவினாள்.

“இந்த ஊக்கு எதுக்குக்கா?”

“சும்மா.”

அதையும் கழற்றிக் கொடுத்தாள். பிறகு கையில் ஒரு பொத்தான் பெட்டி, தலைக்கு ஒரு கூண்டு, கண்ணுக்கு மேல் ஒரு கண்ணாடி. பலகை மெல்ல உள்ளே போனது. கண்ணாடியில் கேலிப்படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. சிரிப்பு வந்தால் வலது பொத்தான், வராவிட்டால் இடது. தொப்பி போட்ட மாடு. நாற்காலி உடைந்து விழும் தடியர். பழக்கதோஷத்தில் பல்லைக் கடித்துக்கொண்டே பார்த்தாள். அறுபது படத்துக்கும் இடது.

இடையில் இயந்திரம் சத்தத்தை நிறுத்தி ஓய்ந்தது. மைக்கை அணைக்க மறந்திருந்தார்கள்.

“ஒண்ணுக்குக்கூடச் சிரிக்கலியே சார்” என்றது நர்ஸின் குரல்.

“இதுக்கெல்லாம் எவன் சிரிப்பான்? நாலு மாசமா பாத்துப் பாத்து எனக்கு அழுகையா வருது” என்றார் மிஷின்காரர்.

“போன வாரம் ஒரு பெரியவர் விடாம சிரிச்சாரே?”

“அந்தாளு தூங்கிட்டாரும்மா. கொறட்டைய நான் சிரிப்புன்னு எழுதித் தொலைச்சுட்டேன். டாக்டரம்மா கேட்டுட்டு, ‘இதான் மனசு விட்டுச் சிரிக்கிறது’ன்னு பாராட்டினாங்க!”

விரல் கைமடிப்பைத் தேடியது. அங்கே ஒன்றுமில்லை. சிரிப்பு அடிவயிற்றிலிருந்து கிளம்பி வந்துவிட்டது. தாடை தொங்கியது, கை துவண்டது, பொத்தான் பெட்டி சரிந்தது. வழக்கமான பயத்தோடு விழுவதற்குக் காத்திருந்தாள். விழவில்லை. ஏற்கெனவே படுத்துத்தானே இருக்கிறாள். இதற்குக் கீழே போக இடம் ஏது? அந்த வெள்ளைக் குழாய்க்குள் தன்னந்தனியாக, கண்ணீர் காதுக்கு வழிய, சத்தமில்லாமல் சிரித்தாள்.

“அக்கா? கேக்குதாக்கா? பட்டன அமுக்குங்க!”

ஓடிவந்து வெளியே இழுத்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருக்கலாம் என்று தோன்றியது.

படம் கேட்டபோது டாக்டரம்மா தயங்கினார்.

“நீங்க சிரிச்சது இடைவேளையிலம்மா. அப்ப படம் எடுக்கல. எடுத்திருந்தாலும், ஒருத்தர் படத்த வெச்சு எதையும் காட்ட முடியாது. நாப்பது பேரையும் சேத்துப் பாத்தாதான் எங்களுக்கே ஏதாவது தெரியும்.”

“ஒரு படம்கூடத் தர மாட்டீங்களா?”

“தந்தாலும் அதுல ஒண்ணும் தெரியாதும்மா.”

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். வெறுங்கையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள்.

வீட்டில் தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள். வந்தவள் பையை வைத்துவிட்டு நடுக்கூடத்தில் வெறுந்தரையில் மல்லாந்து படுத்தாள்.

“என்னாச்சு? பாய் இல்லையா வீட்டுல?”

“பாப்பாவ எம்பக்கத்துல விடு. கையில தர வேணாம், தரையில விடு. நீயும் இங்கயே இரு.”

தங்கை முறைத்தாள். ஆனாலும் விட்டாள். குழந்தை தவழ்ந்து வந்து பெரியம்மாவின் மூக்கைப் பிடித்து, உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று ஒரு துவாரத்தில் எட்டிப் பார்த்தது. பிறகு அடுத்த துவாரத்தில்.

அவள் சிரித்தாள். தாடை விழுந்தது. தலை ஒருபக்கம் சாய்ந்தது.

“அக்கா, வெளையாடாத.” தங்கை அவள் கையைத் தூக்கினாள். கை பொத்தென்று விழுந்தது. “அக்கா! ஐயோ, இதென்ன இது… இதையா சொன்ன?”

எல்லாம் கேட்டது. இமைகூட அசையவில்லை.

“எத்தன வருஷமாக்கா இப்படி?”

நாக்கு இன்னும் அவளுடையதாகவில்லை. அம்மாவின் குரல் உடைந்ததில் குழந்தை மிரண்டு வீறிட்டது. தங்கை அதைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் எடுக்க உள்ளே ஓடினாள். கூடம் காலியானது. சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். பிறகு நாக்கு வந்தது.

“பத்தொம்பது வருஷமா” என்றாள், ஆளில்லாத கூடத்தில்.

“என்ன சொன்ன?” என்றது உள்ளிருந்து குரல். “ஒண்ணும் கேக்கல. இரு, வர்றேன்.”