வெள்ளிக்கிழமையில் விழுந்த இறால்

நிரல் எழுதுகிற வேலை கொன்வென்ற் வகுப்பு மாதிரித்தான்: வரவு இடாப்பில் பேர் இல்லாதவளுக்கு வாங்கில் இடமில்லை. பைதன் என்ற கணினி மொழி எங்கள் சிஸ்டரை விடக் கண்டிப்பு. முன்கூட்டிச் சொல்லிவைக்காத ஒரு பேரைக் கூப்பிட்டால், ‘இந்தப் பேர் வரையறுக்கப்படவில்லை’ என்று சிவப்பில் எழுதி ஆட்டத்தையே நிறுத்திவிடும். அந்தச் சிவப்பு வரியைக் கண்டு கணினியை மூடிவைத்த சகோதரங்களே, பிள்ளை நித்திரையான இந்த நேரத்தில் உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் ஒரு சின்ன நிறுவனத்தில் மூன்று மாதத் தவணையில் சேர்ந்தேன். மகளுக்கு அப்போது எட்டு மாதம். தந்த வேலை, சின்னப் பிள்ளைகளுக்கு எண்ணப் பழக்கும் விளையாட்டு ஒன்று: மேலேயிருந்து இறால் விழும், கூடையால் பிடிக்க வேண்டும். கேட்டவர் புத்தூரில் ரியூசன் வகுப்பு நடத்தும் ஓய்வுபெற்ற வாத்தியார். அவருக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் வீட்டுக்கு.

பந்தல்

முதல் வாரம். ‘ஆட்டத்தைத் தொடங்கு’ என்ற கட்டளையை முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். தொடங்கு என்றால் என்ன செய்வது என்ற விளக்கம் நாற்பது வரி கீழே கிடந்தது. பைதன் மேலேயிருந்து கீழேதான் வாசிக்கும். சிவப்பு வரி வந்தது. கணினியைப் பழுதாக்கிவிட்டேன் என்று பயந்து பிளக்கையே கழற்றிவிட்டேன். பக்கத்து மேசையில் இருந்த சுகந்தி அக்கா, எங்களுக்குள் மூத்தவர், எட்டிப் பார்த்தார்.

“பொம்பிளை பாக்க முந்தியே பந்தல் போட்டிட்டீரோ?”

கிளினிக்

நிரலின் மேல்வரியில் கூடைக்குக் ‘கூடை’ என்றுதான் பேர் கொடுத்தேன். கீழே கை தானாகப் ‘பறி’ என்று எழுதிவிட்டது. நான் கலியாணம் செய்துபோன அரியாலை வீட்டில் இறால் போடும் கூடையைப் பறி என்றுதான் சொல்வார்கள். எனக்கு இரண்டும் ஒன்று. பைதனுக்குப் பறி யாரென்றே தெரியாது. ஒரு பின்னேரம் முழுக்கத் திரையைப் பார்த்தும் பிழை என் கண்ணில் படவில்லை.

அடுத்த நாள் கிளினிக்கில் மகளுக்குத் தடுப்பூசி. பிள்ளையை அரியாலை மாமியிடம் கொடுத்துவிட்டுத் தண்ணி குடிக்கப் போய்த் திரும்பினால், தாதி “அபிநயா! அபிநயா!” என்று கத்திக்கொண்டிருக்கிறார். வீட்டில் அவள் குஞ்சு. அபிநயா என்பது பிறப்புப் பத்திரத்தில் மட்டும். என் பிழை எனக்குப் பிடிபட்டது அங்கேதான். அபிநயாவை மடியில் வைத்துக்கொண்டு மாமி பக்கத்துப் பெண்ணிடம் சொல்கிறார்:

“ஆரின்ரை பிள்ளையோ தெரியேல்லை, தாய் செவிடு போலை கிடக்கு.”

வெள்ளிக்கிழமை

வாத்தியாருக்குக் காட்டும் நாள். அதற்கு முதல் ஐம்பது தடவையாவது விளையாடிப் பார்த்திருந்தேன். பயத்தில் ஒரு இறாலையும் தவறவிட்டதில்லை. வாத்தியார் திருநீற்றுப் பூச்சோடு வந்து கணினிக்கு முன்னால் இருந்தார். முதல் இறால் விழுந்தது. கூடையை மற்றப் பக்கம் நகர்த்தினார். இரண்டாவதுக்கும் அப்படியே. “சேர், பிடிக்க வேணும்,” என்றேன். “இண்டைக்கு வெள்ளியெல்லே பிள்ளை, நான் மீன், மச்சம் ஒண்டும் தொடுறேல்லை,” என்றார்.

சுகந்தி அக்கா சிரிப்பை அடக்க யன்னல் பக்கம் திரும்பினார். முதல் இறால் பிடிபடும்போதுதான், எத்தனை பிடித்தது என்று எண்ணும் ‘புள்ளி’ என்ற பேர் உண்டாகும்படி எழுதியிருந்தேன். ஒன்றையுமே பிடிக்காமல் ஒருவர் ஆட்டத்தை முடிப்பார் என்று யார் நினைத்தது? கடைசியான பத்தாவது இறாலும் தரையில் விழுந்தது. புள்ளியைக் காட்டவேண்டிய இடத்தில் சிவப்பு வரி.

மூன்று மாதமும் போச்சு. “என்ரை பிழைதான் சேர், ரெண்டு நிமிசம் தாங்கோ,” என்று சொல்லி, தொடக்கத்திலேயே ‘புள்ளி = 0’ என்று சைபர் வைத்து ஒரு வரி போட்டேன். வாத்தியார் மறுபடியும் பத்து இறாலையும் பக்தியோடு தவறவிட்டார். திரையில் சைபர் வந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சுகந்தி அக்காவிடம் சொன்னார்:

“ஒண்டும் பிடிக்காதவனுக்கும் ஒரு சைபர் குடுக்க வேணும், நான் முப்பது வருசம் குடுத்தனான். மிச்சத்தையும் உந்தப் பிள்ளையே செய்யட்டும். ஆனா இறாலை எடுத்துப்போட்டுக் கத்தரிக்காய் விடச் சொல்லுங்கோ.”

இப்போது என் விளையாட்டில் வானத்திலிருந்து கத்தரிக்காய் விழுகிறது, எனக்குப் பயம் இன்னும் போகவில்லை, ஆனால் ஒவ்வொரு நாளும் முதல் வரியிலேயே அந்தப் பயத்துக்கும் ஒரு சைபர் போட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறேன்.