இல்லாமல் போன மிருகம்

குளச்சலில் எங்கள் வீட்டு மாடி அறையில் ஏழு வருடம் ஒரே ஒரு பல்லை அளந்துகொண்டிருந்தேன். அசல் பல் வடக்கே ஓர் அருங்காட்சியகத்தில் இருந்தது. என்னிடம் இருந்தது அதன் பிளாஸ்டர் வார்ப்பு. எப்போதோ அழிந்துபோன ஏதோ ஒரு கழுதைப்புலியின் கீழ்த்தாடைப் பல். இறைச்சியைக் கத்தரிபோல் வெட்டும் பல் அது, வேர்கள் உடைந்திருந்தன.

தெரிந்த கழுதைப்புலிகளின் பற்கள் ஒவ்வொன்றோடும் அதை ஒப்பிட்டேன். எல்லாவற்றையும்விடச் சிறியது. பின்பகுதி மட்டும் அகலம். எந்த இனத்திலும் அப்படி இல்லை. அதனால் இது வேறோர் இனம் என்று முனைவர் பட்ட ஆய்வேட்டில் எழுதினேன்.

அப்பா துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிறவர். ஏலம் முடிந்ததும் நின்று பேசுகிறவர்களிடமெல்லாம், "எனக்க மொவ ஒரு மிருகத்த கண்டுபிடிச்சிருக்கா" என்பார். வீட்டுக்கு வந்ததும் என்னிடம் கேட்பார்: "அதுக்க பேரு என்ன மக்களே?"

"இன்னும் வைக்கலப்பா. புத்தகத்துல வரணும்."

அது வரவே இல்லை. ஆய்வேட்டை அனுப்பத் தயாராக இருந்தபோது என் வழிகாட்டி ஒரு படம் அனுப்பினார். வேறு யாரோ கண்டெடுத்த குட்டிக் கழுதைப்புலியின் முழுத் தாடை. பால்பற்கள் இன்னும் விழவில்லை. அவற்றில் கடைசிப் பல் என் பல்லேதான். அதே சிறிய உருவம், அதே அகலமான பின்பகுதி. அதற்கு அடியில், எலும்புக்குள், முளைக்கக் காத்திருந்த பல் எல்லோருக்கும் தெரிந்த பழைய இனத்தினுடையது.

பால்பல்லுக்கு எனாமல் மெல்லியதாக இருக்கும். வார்ப்பில் எனாமல் தெரியாது. ஒரே ஒரு தடவை ரயிலேறிப் போய் அசலைப் பார்த்திருந்தால் போதும். போகவில்லை. போகலாம் போகலாம் என்றே இருந்துவிட்டேன்.

மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. நான்காம் நாள் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னேன். அவர் கை சோற்றிலேயே நின்றது.

"அப்போ அந்த மிருகம் இல்லியா?"

"இல்லப்பா. வேற மிருகத்துக்க குட்டி அது."

"பல்லு பொய் சொல்லாதுன்னு நீதானே சொன்ன?"

"பல்லு பொய் சொல்லல்ல. நான்தான் தப்பா வாசிச்சேன்."

அவர் எழுந்து கை கழுவினார். தட்டில் பாதிச் சோறு அப்படியே கிடந்தது.

ஆய்வேட்டைத் திருத்தித் தரச் சொன்னார் வழிகாட்டி. உட்கார்ந்து பார்த்தேன், அந்தப் பல்லை எடுத்துவிட்டால் அதில் ஒன்றுமே மிஞ்சவில்லை. திருத்தவில்லை. வேலை கேட்டு வேறு ஆய்வகங்களுக்கு எழுதினேன். இரண்டிடத்திலிருந்து மறுப்பு வந்தது, மற்ற இடங்களிலிருந்து அதுவும் வரவில்லை. இப்போது மார்த்தாண்டத்தில் ஒரு டியூஷன் சென்டரில் விலங்கியல் எடுக்கிறேன்.

போன வாரம் துறைமுகத்தில் ஒருவர் அப்பாவிடம் கேட்டாராம், மகள் என்ன செய்கிறாள் என்று.

"டீச்சருன்னு சொல்லிட்டேன் மக்களே" என்றார் அப்பா, என் முகத்தைப் பார்க்காமல்.

"சரிப்பா" என்றேன்.