அக்கா ஏறாத விமானம்

குறைந்த செலவில் போய்வரக்கூடிய வெளிநாடுகளைப் பற்றி எழுதுவது என் பிழைப்பில் ஒரு பாதி. மறுபாதி, அந்த நாடுகளுக்குப் போவது. மேடான், ஹனோய், காட்மாண்டு, வியன்டியன். தலை நரைக்கத் தொடங்கிய பிறகும் கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. ஈப்போவில் எனக்கு ஒரு வாடகை வீடு உண்டு. அதில் என்னைவிட அதிக நாள் குடியிருப்பவை பல்லிகள்.

அக்கா மலையிலேயே இருந்துவிட்டாள். கேமரன் மலையில் நாங்கள் இருவரும் பிறந்த அதே தேயிலைத் தோட்டம், தொழிலாளர் குடியிருப்பு வரிசையில் அதே லயத்து வீடு. முழங்கால் ஒத்துழைத்தவரை கொழுந்து பறித்தாள். இப்போது சுற்றுலாக்காரர்களுக்காகத் தோட்டமே நடத்துகிற தேநீர்க்கடையில் கோப்பை கழுவுகிறாள். முதுகில் மூட்டையோடு வருகிற வெள்ளைக்காரப் பிள்ளைகள் அங்கே உட்கார்ந்து, அடுத்து எந்த நாடு, எங்கே செலவு குறைவு என்று பேசிக்கொண்டிருப்பார்கள். அக்காவுக்குத் தெரிந்த ஆங்கிலம் கொஞ்சம்தான். ஆனால் ‘சீப்’ என்ற சொல் காதில் விழுந்தால் விட்டுவிடமாட்டாள்.

“நம்ம ஊரும் சீப்பான ஊராம்டி,” என்றாள் ஒருநாள். “அந்தப் புள்ளைங்க சொல்லுது. இங்கயே கெடந்தும் எனக்குத்தான் தெரியாமப் போச்சு.”

சிரித்தேன். அப்போது நான் எழுதிக்கொண்டிருந்த மலிவு ஊர்ப் பட்டியலில் எங்கள் மலையும் இருந்தது. அவளிடம் அதைச் சொல்லவில்லை.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்திதான் தன் போனில் அக்காவுக்கு ஓர் ஏரியைக் காட்டியிருக்கிறாள். கம்போடியாவின் தொன்லே சாப். கரையே தெரியாத தண்ணீர், மரக்கால்கள் மேல் நிற்கும் வீடுகள், வாசலில் செருப்பு கிடக்கிற இடத்தில் படகு. அக்கா ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கி, முழுவதையும் பார்த்துவிட்டு, மறுபடி போடச் சொல்லியிருக்கிறாள். அன்று மாலையே எனக்கு அழைப்பு வந்தது. அங்கே போக நிறைய ஆகுமா என்று கேட்டாள்.

அதுவரை எதையுமே கேட்காதவள். நான்தான் அவசரப்பட்டு என் யோசனையை நுழைத்தேன். இலங்கை போகலாமே, அங்கும் மலை, அங்கும் நம் பேச்சு, வழி கேட்கக்கூடச் சிரமமில்லை என்றேன்.

“அங்க பாக்கறதுக்கு என்ன இருக்கு?”

“தேயிலைதான்.”

“போ லா. தேயிலையப் பாக்க நான் எதுக்கு ப்ளேன் ஏறணும்? மேடே இல்லாத ஊராக் காட்டு.”

ஏரிக்குப் பக்கத்து நகரமான சியாம் ரீப்புக்கு இரண்டு டிக்கெட் போட்டேன். மலிவு டிக்கெட்டின் குணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தேதியை மாற்ற முடியாது, பணம் திரும்பி வராது. எங்களுக்குக் கிடைத்த தேதி, தோட்டத்து மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டும் நாளுக்கு மறுநாளாக அமைந்துவிட்டது. அம்மனுக்குக் காப்புக் கட்டி மேளம் முழங்கிவிட்டால், அப்போது தோட்டத்து எல்லைக்குள் இருக்கிறவர்கள் திருவிழா முடிகிறவரை வெளியே இரவு தங்கக்கூடாது. பகலில் டவுனுக்குப் போகலாம், ஆனால் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். எங்கள் எல்லை, ஓடைமேல் இருக்கிற சின்னப் பாலம். நான் தயங்கியபோது அக்காதான் வழி சொன்னாள். மேளத்துக்கு முன்னால் பாலத்தைத் தாண்டிவிட்டால் ஆத்தா கோபித்துக்கொள்ளமாட்டாளாம். மதியத்துக்குள் வந்து கூட்டிப்போகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

ஈப்போவிலிருந்து நேரத்தோடுதான் கிளம்பினேன். மலை ஏறியதும் மழை பிடித்துக்கொண்டது. கியா பார்ம் வந்தபோது, காய்கறிக் கடைகளுக்குப் பின்னால் புதிதாக ஒரு மலிவு விடுதி திறந்திருப்பது ஞாபகம் வந்தது. ஒரு நிமிடம் அறையைப் பார்த்துவிட்டுப் போகலாம், எழுத உதவும் என்று காரை ஒதுக்கினேன். விடுதிக்காரர் சூடாக மைலோ கொடுத்தார். அறையின் ஜன்னலில் மூடுபனி வந்து முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றது. அதைப் பற்றி ஒரு வாக்கியம் தோன்றியது. அது கலைந்துவிடக்கூடாதே என்று போனைச் சத்தமில்லாமல் ஆக்கிவிட்டு, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து எழுதினேன். எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன்.

வெளியே வந்தால் பிரிஞ்சாங்வரை ஜாம். பள்ளி விடுமுறை. ஸ்ட்ராபெரி வாங்க வந்த கார்கள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு நகராமல் கிடந்தன. அப்போதுதான் போனைப் பார்த்தேன். திரை முழுக்க அக்காவின் தவறிய அழைப்புகள். திருப்பி அழைத்தேன். எடுக்கவில்லை.

பாலத்தை அடைந்தபோது மேளம் கேட்டது. பாலத்துக்கு இந்தப் பக்கம், எல்லைக்கு வெளியே, அவள் பை மட்டும் பிளாஸ்டிக் தாளால் மூடப்பட்டு நனைந்துகொண்டிருந்தது. அதையும் எடுத்துக்கொண்டு கோயிலுக்கு ஓடினேன். அக்கா பயணத்தில் நடக்கப் புதிதாக வாங்கிய சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சன்னதி ஓரத்தில் நின்றாள். மறுகை மணிக்கட்டில் மஞ்சள் காப்புக் கயிறு.

என்னைக் கண்டதும் முகம் தளர்ந்தது. திட்டுவாள் என்று நினைத்தேன். என் தோளையும் முழங்கையையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

“நீ வர்ற சிம்பாங் பூலாய் ரோட்டுல மண்ணு சரிஞ்சிருச்சுன்னு சொன்னாங்கடி. நீ போனும் எடுக்கல. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அதான் உனக்காக வேண்டிக்கிட்டுக் கட்டிட்டேன்.”

மண் எங்கும் சரியவில்லை. யாரோ கேட்டதை யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவள் மதியம் முழுக்கப் பாலத்துக்கு அப்பால்தான் காத்திருந்திருக்கிறாள். சரியான பக்கத்தில்தான் இருந்திருக்கிறாள். எனக்காகத் திரும்பி உள்ளே வந்து, தானே கையை நீட்டிக் கட்டிக்கொண்டாள். நேர்ந்து கட்டிய காப்பைத் திருவிழா முடியும்முன் அவிழ்ப்பது எங்களில் யாரும் செய்கிற காரியமில்லை. ஓர் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? ஜாம் என்றேன். அதில் பாதி உண்மை.

மேளம் முழங்கியபோது எல்லைக்கு வெளியே இருந்த என்னை அந்தக் கட்டு பிடிக்காது. ஆனாலும் நானும் போகவில்லை என்றேன். கோயில் தலைவர்கூட, இருந்து கும்பிட்டுவிட்டுப் போகட்டுமே என்றார். அக்காதான் கேட்கவில்லை.

“ரெண்டு சீட்டும் சும்மா பறக்கணுமா? நீயாவது போய்ப் பாத்துட்டு வா.”

நான் மறுத்தேன். சரியாக எவ்வளவு மறுத்தால் அவள் வற்புறுத்துவாளோ அவ்வளவுதான் மறுத்தேன். பாலத்தை மறுபடி தாண்டியபோது எனக்குள் ஏதோ இலேசானது. தனியாகப் போகிறோம் என்கிற அந்தப் பழைய இலேசு. இதை எழுதும்போதும் அதற்காகத்தான் அதிகம் கூசுகிறேன்.

சியாம் ரீப்பில் தரை தட்டையாகவே கிடந்தது. வயல், வயலுக்கு நடுவில் பனை, மறுபடி வயல். எங்கள் மலையில் பனை கிடையாது. விடுதியில் கட்டிலுக்கு மேல் கட்டில். கீழ்க்கட்டிலை அக்காவின் முழங்காலுக்காகக் கேட்டு வைத்திருந்தேன், அதில் என் பையைப் படுக்க வைத்தேன். ஏரியில் படகு நகர நகரக் கரை மறைந்தது. தண்ணீருக்கு நடுவில் ஒரு வீட்டுப் பெண் வாசலில் குந்திக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அதே தண்ணீரில், அவசரமே இல்லாமல். நான் சந்தோஷமாக இருந்தேன். சந்தோஷம் வந்தபோதெல்லாம், யாரோ பார்த்துவிட்டதுபோல் அதைச் சட்டென்று உள்ளே தள்ளினேன்.

திரும்பி வந்து மலை ஏறியபோது திருவிழா முடிந்திருந்தது. அவள் கையில் கயிறு இல்லை. தேநீர்க்கடையின் பின்வாசலில் எனக்கு முன்னால் ஒரு கோப்பையை வைத்துவிட்டு, ஏரி எப்படி என்று கேட்டாள். அவள் மனம் ஆறட்டும் என்று நான் பொய் சொன்னேன். ஒன்றும் பிரமாதமில்லை, தண்ணீர் கலங்கல், வெயில் தாங்கவில்லை, நீ வராததே நல்லது என்றேன்.

அக்காவின் முகம் சுருங்கியது.

“நல்லா இல்லாத ஊருக்கா என்னையக் கூட்டிட்டுப் போகப் பாத்த?” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “லயம் முச்சூடும் சொல்லி வச்சிருக்கேன்டி. என் தங்கச்சி அங்கதான் இருக்கா, அப்படி ஒரு எடம்னு.”

பொய்யை வைத்துக்கொண்டு அதற்குமேல் உட்கார முடியவில்லை. விடுதி அறை, மூடுபனி, சத்தம் அணைத்த போன் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே ஒரு கோப்பையை எடுத்தாள், கழுவியதையே மறுபடி கழுவினாள்.

“அந்த வாக்கியமாவது நல்லா வந்துச்சா?”

“இல்லக்கா. அடிச்சிட்டேன்.”

மூக்கால் ஒரு சத்தம் எழுப்பினாள். அது சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு ஏரியைச் சொல்லச் சொன்னாள். பனையிலிருந்து தொடங்கினேன். தட்டையான தரை, படகு ஆடாமல் போன விதம், கரை மறைந்தது. வாசலில் கோப்பை கழுவிய பெண்ணிடம் வந்தபோது, அக்கா நுரைக் கையை உயர்த்தி என்னை நிறுத்தினாள்.

“போதும். மிச்சத்த நானே போய்ப் பாத்துக்கறேன்.”