பத்திரத்தில் எழுதாத நம்பர்

சலவைக்கடைக்காரி இஸ்திரி போட்ட சட்டையை மாட்டினால் கூன் விழுந்தவனும் நிமிர்ந்து நடப்பான். இதில் பாதியைத் தள்ளிவிடுங்கள், மீதி சத்தியம். முப்பது வருஷம் அந்தக் கடையில் நின்றாள். கால் நரம்பு சுருட்டிக்கொண்ட பிறகுதான், பக்கத்துத் தையல்காரனுக்குக் கடையை விற்றாள்.

பத்திரத்தில் இயந்திரம், மேசை, பெயர்ப்பலகை எல்லாம் இருந்தன. கையெழுத்துப் போடப்போனவள் பேனாவை மூடினாள்.

"தம்பி, போன் நம்பர் மாறக்கூடாது. என் தங்கச்சி கூப்பிட்டா ஓடி வந்து சொல்லணும். சரின்னாதான் கையெழுத்து."

"சரிக்கா. இதையெல்லாமா எழுதுவாங்க?"

"பலகையில என் பேரும் அப்படியே இருக்கட்டும்."

"இருந்துட்டுப் போகட்டும்."

தங்கை அவள் வளர்த்த பிள்ளை. ஏதோ சண்டையில் இவள் "போறதுன்னா போ" என்றாள், அவள் போயேவிட்டாள். பதினாலு வருஷம் ஆயிற்று. தொலைந்துபோனால் சொல்லவேண்டும் என்று சின்ன வயதில் அவளுக்கு மனப்பாடம் செய்வித்தது அந்த நம்பரைத்தான். எல்லா இலக்கமும் ஏழு.

கடை கைமாறிய பிறகு ஒரே ஒரு தடவை அழைப்பு வந்தது. தையல்காரன் ஒற்றைச் செருப்போடு இரண்டு தெரு ஓடினான். சோப்பு நுரை வழியும் கையோடு அவள் வந்து காதில் வைப்பதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது.

"என்னடா கேட்டா?"

"அக்கா இருக்காளான்னாங்க. இருங்க, கூட்டிட்டு வரேன்னேன்."

"எப்படிக் கேட்டா? அதே மாதிரி சொல்லு."

மாதக்கணக்கில் சொல்லச் சொன்னாள். கடைசியில் அந்த ஒரு வரியைச் சொல்லும்போது மட்டும் தையல்காரனுக்கு மீசை இருந்ததே தவிர, குரல் அச்சாகத் தங்கையுடையதாகிவிட்டது.

அப்புறம் வாடகைக் கார் கம்பெனி ஒன்று அந்த நம்பர்மேல் கண் வைத்தது. எல்லோரும் செல்போனில் பேசும்போது இது எதற்கு என்று தையல்காரன் கொடுக்கச் சம்மதித்தான். பலகையிலும் தன் மகள் பெயரை எழுதினான். இவள் நேராகச் சமரச அலுவலகத்துக்குப் போனாள்.

"பத்திரத்துல போனைப் பத்தி ஒரு வரி இல்லையேம்மா," என்றான் அங்கே வரவழைக்கப்பட்ட தையல்காரன்.

அதிகாரியம்மா கண்ணாடியைத் துடைத்தார். "அந்த அழைப்பு வந்தன்னைக்கு நீங்க என்ன செஞ்சீங்க?"

"ஓடினேன்."

"எதுக்கு ஓடினீங்க?"

"அக்காகிட்ட வாக்குக் கொடுத்திருந்தேனே." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அதிகாரியம்மா பத்திரத்தைத் திருப்பிக் காட்டினார். "பலகையை வாங்குறவர் இஷ்டம்போல மாத்தலாம்னு எழுதியிருக்கு. அதுக்கு எதிரா வாயால பேசினது நிக்காது. நம்பரைப் பத்திப் பத்திரம் வாயே திறக்கல. அந்த வாக்கு இல்லைன்னா இவங்க கையெழுத்தே போட்டிருக்க மாட்டாங்க. நீங்களும் அதன்படி நடந்திருக்கீங்க. அது நிக்கும். நம்பரை இவங்க பேருக்கு மாத்திக் கொடுங்க."

பலகைக்காக அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

அவள் வீட்டில் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் போன் வந்து உட்கார்ந்தது. அவள் குழாயைத் திறந்துவிட்டுத் துவைப்பதை நிறுத்தினாள். தண்ணீர்ச் சத்தத்தில் மணி கேட்காமல் போய்விடுமாம். மூன்றாம் நாள் மத்தியானம் அது அடித்தது. சோற்றுக் கையோடு எடுத்தாள்.

"அக்கா," என்றது குரல். ஆண் குரல்.

"நான்தான்க்கா. வேலை செய்யுதான்னு பார்த்தேன். கோபமா?"

"கோபமெல்லாம் இல்ல தம்பி. லைனை அடைச்சுக்கிட்டு நிக்காதே, வை. அவ கூப்பிடுவா."