வீட்டுக்கா, சபைக்கா?

ரத்னபாய் டீச்சருக்கு விடிந்ததும் முதலில் வருவது ஜெபம் அல்ல, ஓக்காளம். சமையலறைத் தொட்டியில் சத்தியதாஸ் சார் கழுவாமல் போட்ட ஷேக்கர் குப்பி கிடக்கும். அவர் புரோட்டீன் பொடி கலக்கிக் குடிக்கிற குப்பி. மூடியைத் திறந்தால் திரிந்த பாலும் செத்த மீனும் சேர்ந்தது போல ஒரு நாற்றம். மூக்கைப் பொத்திக்கொண்டு அதைக் கழுவி முடிப்பதற்குள் மனுஷன் ஜிம்மிலிருந்து வந்துவிடுவார். வியர்வை சொட்டும் பனியனைக் கழற்றி, சோறு தின்கிற நாற்காலியின் முதுகில் விரித்துப் போடுவார். ரூபி என்கிற அவருடைய லாப்ரடார் ஓடி வந்து அந்தப் பனியனை நக்கும். நக்கிய வாயோடு முகத்துக்கு வந்தால், "என் தங்கமே" என்று கன்னத்தைக் காட்டுவார். சீ! படித்த மனுஷன் செய்கிற வேலையா இது?

"நாத்தம் தாங்க முடியல்லே சாரே. அந்தப் பனியனைக் கொண்டு வெளியே போட்டா என்ன?"

"வியர்வை வந்தா ஆரோக்கியமாக்கும் ரத்னம். நீயும் ஜங்ஷன் வரை நடந்து பாரு, தெரியும்."

இரண்டு பேரும் வாத்தியார்கள். சார் நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு ஹைஸ்கூலில் சரித்திரம். டீச்சர் பாறசாலையில் யு.பி. ஸ்கூலில் கணக்கு. குன்னத்துகாலில் வீடு. பின்னால் கொஞ்சம் ரப்பர், நாலு மூடு வாழை, கோழிகள். ஒரே மகள் சினி பெங்களூரில். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்தால் முதலில் ரூபியைக் காட்டச் சொல்லுவாள், பிறகு அப்பாவின் கை மசிலை. அம்மாவிடம் "சாப்பிட்டியா" என்று கேட்பதற்குள் லைன் போய்விடும்.

இதெல்லாம் போன வருஷம் சாருடைய ஸ்கூல் ஸ்டாஃப் டூரில் தொடங்கியது. போட்டோவைப் பார்த்து ஜின்சி டீச்சர், "சாருக்கு இது எத்தனாம் மாசம்?" என்று கேட்டுவிட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். மறுநாளே சார் சிபியின் ஜிம்மில் சேர்ந்தார். ரத்னபாய் டீச்சரிடம் வாய்ப்பாடு தெரியாமல் முழித்துக்கொண்டு நின்ற அதே சிபிதான். இப்போது அவன் சொல்வது சாருக்கு வேதவாக்கு. சோறு கூடாது என்றான், சார் விட்டார். முட்டையின் வெள்ளை மட்டும் என்றான், மஞ்சளெல்லாம் தட்டில் கிடந்து வாடை அடித்தது. நெஞ்சில் முடி இருந்தால் கட்டு தெரியாது என்றான். அன்றைக்கு சார் குளிமுறியில் சிரைத்துத் தள்ளியதில் தண்ணீர் போகிற ஓவு அடைத்துக்கொண்டது. நரைத்த சுருள் முடியைக் குச்சியால் தோண்டித் தோண்டி எடுத்தது யார்? இவள்தான். அவர் அப்போது அலமாரிக் கண்ணாடிக்கு முன்னால் வயிற்றை எக்கிக்கொண்டு நின்றார்.

அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்தது ஒரு சேவல். தாய்க்கோழியைக் கீரி கொண்டுபோன பிறகு, மிஞ்சிய ஒற்றைக் குஞ்சை அட்டைப்பெட்டியில் பல்பு கட்டி வைத்து வளர்த்தாள். வளர்ந்ததும் அதன் நடையைப் பார்த்து, ஆண்டுவிழாவுக்கு வருகிற ஸ்கூல் மேனேஜரைப் போலவே இருக்கிறதே என்று மேனேஜர் என்றே பெயர் விட்டாள். சாயங்காலம் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் அது கேட்டுக்கு ஓடி வரும். இறங்கினால் சேலைத் தலைப்பைக் கொத்திக்கொண்டு கூடவே நடக்கும். ஸ்கூலில் நடந்ததையெல்லாம் அதனிடம்தான் சொல்லுவாள். வெட்கமில்லாமல் சொல்லலாம் என்றால், அந்த வீட்டில் அவளைக் காத்துக்கொண்டிருந்த ஒரே ஜீவன் அதுதான்.

அறுப்பின் பண்டிகை வந்தது. வருஷா வருஷம் சபைக்கு இவர்கள் வீட்டிலிருந்து ஒரு வாழைக்குலை போகும். இந்த வருஷமும் டீச்சர் நல்ல குலையாகப் பார்த்து, உரல் கிடக்கிற உரப்புரையில் கட்டித் தூக்கியிருந்தாள். சனிக்கிழமை போய்ப் பார்த்தால் தண்டு மட்டும் தொங்குகிறது! ஜிம்முக்குப் போகும் முன்னால் பழம் தின்ன வேண்டும் என்று சிபி சொன்னானாம். கர்த்தருக்கு வைத்ததைக்கூட விடவில்லை இந்த ஆள்.

"கிடந்து சாடாதே. நாளைக்கு ஒரு குலை வாங்கிட்டு வாறேன்," என்றார் சார்.

ஞாயிறு காலையில் கொயருக்காக டீச்சர் முன்னமே போய்விட்டாள். பாட்டு நடுவில் இருக்கும்போது காணிக்கைகள் வந்தன. கப்பை, சேனை, தேங்காய், பூசணி. அவற்றுக்கு நடுவே, கயிற்றால் கால் கட்டி, தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டு மேனேஜர்! டீச்சரின் பாட்டு பாதி வரியில் நின்றுவிட்டது. அவளைக் கண்டதும் அது "கொக்" என்றது. முன்வரிசைப் பிள்ளைகள் சிரித்தன.

ஆராதனை முடிந்ததும் சாரைத் தூணுக்குப் பின்னால் இழுத்தாள்.

"என்ன வேலை காட்டினீங்க?"

"கடை அடச்சுக் கிடக்கு. சபைக் கமிட்டி மெம்பர் வெறுங்கையை வீசிட்டு வர முடியுமா? ஒரு கோழிதானே."

"வேற கோழி கிடைக்கல்லியா உங்களுக்கு?"

"எல்லாம் ஓடிட்டு. விளிச்ச உடனே பக்கத்தில வந்தது இதாக்கும்."

அவளுக்கு அவர் முகத்தைப் பார்க்கவே குமட்டியது. நம்பி வந்ததையா பிடித்துக் கட்டினான் இந்த மனுஷன்?

"ஏலத்தில அதை எடுத்துத் தரணும். எவ்வளவு போனாலும். கேட்டீங்களா?"

"எடுத்துத் தாறேன். சத்தியம்."

ஏலம் முற்றத்தில். விளிப்பவர் கருணாகரன். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் ஒரு பொருளை எடுத்ததும் கருணாகரன், "வீட்டுக்கா, சபைக்கா?" என்று உரக்கக் கேட்பார். வீட்டுக்கு என்றால் கொண்டுபோகலாம். சபைக்கு என்றால் பணத்தையும் கொடுத்து, பொருளையும் திரும்ப விட்டுவிட வேண்டும், மறுபடியும் ஏலம். அப்படிச் சொல்பவருக்குக் கைதட்டு கிடைக்கும். அன்றைக்கு ஒரு பூசணிக்காயே பல கை மாறிச் சுற்றிக்கொண்டிருந்தது.

மேனேஜரைத் தலைகீழாகத் தூக்கிக் காட்டினார் கருணாகரன். சார் கேட்டார். இறுக்கமான பனியன் போட்ட சிபி ஏற்றினான். சார் விடவில்லை. சிபி சிரித்துக்கொண்டே, "சாரே, நாட்டுக்கோழியாக்கும், எனக்கு விட்டுத் தாங்க," என்றான். சார் இன்னும் ஏற்றினார். கடைசியில் சாருக்கே விழுந்தது. அப்பாடா! டீச்சர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு முன்னால் போனாள்.

"சத்தியதாஸ் சாரே, வீட்டுக்கா, சபைக்கா?"

சார் சுற்றிப் பார்த்தார். போதகர் பார்க்கிறார். ஜின்சி டீச்சர் பார்க்கிறாள். நெஞ்சு விம்மி, சட்டைப் பித்தான் இழுபட்டது.

"சபைக்கு!"

கைதட்டு. நீட்டிய கையோடு டீச்சர் நின்றாள்.

"பெட்டென்னு வாயில வந்துட்டு, ரத்னம்," என்று அவர் முணுமுணுத்தார்.

"திரும்ப எடுங்க. இப்பவே எடுங்க!"

"குடுத்ததை நாமளே திரும்ப எடுத்தா ஆளுவ என்ன சொல்லுவாங்க? நாணக்கேடாக்கும்."

அவளே வாய்விட்டு ஏலம் கேட்டாள். பழக்கமில்லாத குரல், பாதியில் கீச்சிட்டது. யாரோ சிரித்தார்கள். பையில் இருந்த பணத்தையெல்லாம் முன்னமே காணிக்கைத் தட்டில் போட்டிருந்தாள். சாரைப் பார்த்தாள். அவர் சட்டைப் பைக்குள் விட்ட கையை வெளியே எடுக்கவே இல்லை. சிபிக்கு விழுந்தது.

"வீட்டுக்கு!" என்றான் அவன், பளிச்சென்று. கூட்டத்தை விலக்கிக்கொண்டு டீச்சர் போய்ச் சேர்வதற்குள், பைக்கின் கைப்பிடியில் மேனேஜரைத் தொங்கவிட்டுக்கொண்டு போய்விட்டான்.

"இப்பவே அவனை விளிச்சுச் சொல்லுங்க."

"பண்டிகை நாளில ஒரு கோழிக்காகவா? சாயங்காலம் ஜிம்மில பாத்து வாங்கிட்டு வாறேன்."

சாயங்காலம் வரை அவள் கேட்டிலேயே நின்றாள். சார் வந்தார். கையில் கோழி இல்லை, ஒரு எவர்சில்வர் டப்பா இருந்தது.

"மேனேஜர் எங்கே?"

"அவன் மத்தியானமே..." சார் நெற்றியைத் துடைத்தார். "அவனுக்குத் தெரியாதே, பாவம். டீச்சருக்கும் குடுங்கன்னு தந்துவிட்டான்."

டீச்சர் கேட்டை விட்டு நகர்ந்தாள். உள்ளே போய் மேசையில் உட்கார்ந்தாள். சார் எதிரே உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார். குருமிளகு போட்டு வறுத்த கறி வாடை. நாற்காலி முதுகில் பனியன் இன்னும் காயவில்லை. ரூபி எச்சில் ஒழுகக் காலடியில் வந்து நின்றது. வழக்கம்போல சார் கண்ணை மூடி, "தந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம்" என்று முடித்துவிட்டு அவளுடைய ஆமெனுக்காகக் காத்திருந்தார். அது வரவில்லை. ஒரு கண்ணைத் திறந்தார்.

"சாரே," என்றாள் டீச்சர், வகுப்பில் கேள்வி கேட்கிற குரலில். "இது வீட்டுக்கா, சபைக்கா?"

அவர் கை அந்தரத்தில் நின்றது. முகம் கறுத்தது. ஆனால் டப்பாவை மூடவில்லை.

"இனி என்ன செய்ய முடியும் ரத்னம்? வெறுதே வீணாக்கப்பிடாது, நல்ல புரோட்டீனாக்கும்," என்று சொல்லிவிட்டு ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார்.

கடைவாயில் எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. டீச்சர் எழுந்து, தன் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கோழிக்கூட்டை அடைக்கப் போனாள்.