பிரதிவாதியைக் காணவில்லை

தாலுகா போர்டு போட்ட ரோடு என் வயலின் வடிகாலை அடைத்துவிட்டது. ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போக வழிவிடச் சொல்லி போர்டின் மேல் வழக்குப் போட்டிருந்தேன். இன்று மதுரைக் கோர்ட்டில் விசாரணை.

போர்டு வக்கீல் எழுந்தார். "தாலுகா போர்டைக் கலைச்சாச்சுங்க. பிரதிவாதியே இல்லையே."

"அப்ப ஜில்லா போர்டைச் சேர்க்கிறோம்" என்றார் என் வக்கீல்.

ஜில்லா போர்டுக்கும் அதே வக்கீல்தானாம். உட்காராமலே சொன்னார்: "ரோடு எங்ககிட்ட வந்துச்சு. வழக்கு வரலை."

வாய்தா போட்டுவிட்டார்கள்.

திரும்பும் பஸ் அந்த ரோட்டில்தான் வந்தது. என் நெல் மூழ்கிக் கிடந்தது.

"இம்புட்டு நல்ல ரோடு இந்தப் பக்கம் இல்லண்ணே" என்றார் கண்டக்டர்.

போர்டைக் கலைத்தவர்கள் கையோடு அந்த ரோட்டையும் கலைத்திருக்கலாம். நீங்களே சொல்லுங்கள்.